இருபத்திரண்டு தௌ

முதல் என்ஜின் பதினெட்டு பவுண்டில் செத்தது.
கொன் ரொட் வளைந்து
புளொக்கைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தது.
நானுஓயா ஸ்டேஷன் வளைவு தொடங்கி
அரை மைலுக்கு ஒயில் கோடு.
மழை வந்து அதைக் கழுவ மூன்று நாள்.
அந்த ரொட் இப்போது என் மேசையில்
கடன் பில்களின் மேல் கிடக்கிறது.
ஒரு பில்லும் பறப்பதில்லை.

ருக்மன் கந்தப்பளை லீக்ஸ் வியாபாரி.
தம்புள்ளைக்கு ஓடும் லொறி இரண்டு,
சும்மா நிற்கத் தெரியாத லான்சர் ஒன்று.
"இந்த முறை முப்பது" என்றான்.
லீக்ஸ் விலை ஏறியிருந்தது.
நான் சரி என்றும் சொல்லவில்லை,
முற்பணத்தைத் திருப்பியும் கொடுக்கவில்லை.

இங்கே காற்று மெலிசு.
கொழும்பில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில்
ஆறிலொரு பங்கை மலை தனக்கென்று வைத்துக்கொள்ளும்.
அதே முள்ளை அதே எண்ணில் நிறுத்த
டர்போ இன்னும் வெறிபிடித்துச் சுற்றவேண்டும்.
பஞ்சிகாவத்தை இம்தியாஸிடம் சொன்னால்
"காற்று காற்றுதானே தங்கச்சி" என்பார்.
ஆனாலும் தேடித் தந்தார் நான்கு பிஸ்டன்,
வார்த்ததல்ல, அடித்துச் செய்தது.
துவாயில் சுற்றி மடியில் வைத்து
ரயிலில் ஒன்பது மணிநேரம்.
கேக்கா என்று கேட்டாள் பக்கத்து சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.

ரிங் முழு வட்டமல்ல,
ஓரிடத்தில் வெட்டுப்பட்டது.
அந்த வெட்டில் பதினான்கு தௌ விடச் சொல்கிறது புத்தகம்.
சாதுவான என்ஜினுக்கு எழுதிய புத்தகம் அது.
சூட்டில் இரும்பு நீளும்.
நீள இடமில்லாவிட்டால் முனையோடு முனை முட்டி
பிஸ்டனின் தலையைப் பிய்த்துக்கொண்டு போகும்.
அதனால் அரம்.
ஒரு முனையில் மட்டும், உள்நோக்கி மட்டும்.
தேய், துடை, சிலிண்டரில் இறக்கு, அள.
பதினாறு.
தேய்.
பதினேழரை.
கூடத் தேய்த்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது,
புது ரிங்குக்கு மறுபடி ஒன்பது மணிநேரம்.
இருபத்தொன்றில் கரண்ட் போனது.
டோர்ச்சைப் பல்லில் கடித்தேன்.

எட்டாவது ரிங் முடிய விடிய இரண்டரை.
ஹெட்டை இறக்கினோம்.
டெல்சன் டோர்க் ரென்ச்சைப் பிடித்தான்
நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாய்.
"க்ளிக்" கேட்டதும் நிறுத்தவேண்டும்.
அவன் ஒவ்வொரு முறையும் எனக்கும் கேட்டதா என்று பார்த்தான்.

ரதெல்ல ஏற்றம், அதிகாலை, மூடுபனி.
செம்புக் குழாயைப் புளொக்கில் முடுக்கி
அதன் ரப்பர் வாலை என் காதில் செருகியிருந்தேன்.
ருக்மன் மிதித்தான்.
இருபது. இருபத்துநான்கு.
தேயிலை கரைந்து ஒற்றைப் பச்சைக் கோடானது.
இருபத்தாறு.
அங்கே ஒரு தட்டல்.
தகரக் கூரையில் விழுந்த முதல் ஆலங்கட்டி,
அடுத்தது விழுமுன்
"காலை எடு."

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே."
உனக்குக் கேட்கும்போது உள்ளே பிஸ்டன் இருக்காது ருக்மன்.
லெப்டொப்பைத் திறந்தேன்.
டைமிங் இரண்டு டிகிரி பின்னே,
பூஸ்ட் இருபத்துமூன்றில்.
பாஸ்வேர்ட் போட்டேன், அவன் பார்க்க.
திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை.
கராஜ் வாசலில் மட்டும்:
"லீக்ஸ் என்றால் நான் எடையில் குறைப்பதில்லை."

அவன் போனபின்
ஒயில் ஃபில்டரை வெட்டினேன்.
மடிப்பு மடிப்பாய்த் தாளைப் பிரித்து
பல்புக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன்.
கறுப்பு, கறுப்பு,
பதினோராவது மடிப்பில் ஒரு மினுக்கம்.
காந்தத்தை வைத்தேன்.
வரவில்லை.
இரும்பு இல்லை என்றால் பிஸ்டன்,
அல்லது பெயாரிங்,
அல்லது நான் சரியாகத் துடைக்காத ஏதோ ஒரு தூசு.
தீப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதினேன்.
புது ஃபில்டரைக் கையால் இறுக்கினேன்,
முக்கால் சுற்று.